ஒரு வாக்கியமும் ஒரு பாலையும்: மேற்கு நோக்கிய வண்டிப் பயண எழுத்துகளில் நிலம்

1

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இருந்த நாட்களில் வட அமெரிக்காவின் தரைத்தோற்றப் படத்தை ஏட்டைப் பார்க்காமலே கரும்பலகையில் வரையப் பழகியிருந்தேன். கிழக்கே அப்பலாச்சியன் மலைகள், நடுவே மிசிசிப்பி வடிநிலம், அதற்கு மேற்கே பெருஞ்சமவெளி, றொக்கி மலைத்தொடர், பெருவடிநிலம், கடைசியில் சியரா நெவாடாவும் கஸ்கேட் மலைகளும். அந்தப் படத்தின் மீது மிசூரி ஆற்றங்கரையிலிருந்து பசிபிக் கரை வரை ஓர் அம்புக்குறியை இழுத்து, "1840களில் குடியேறிகள் யாருமற்ற இந்நிலத்தை வண்டிகளிலே கடந்தனர்" என்று பல ஆண்டுகள் கற்பித்து வந்தேன். பிள்ளைகளின் குறிப்புக் கொப்பிகளிலும் அப்படியே எழுதுவித்தேன்.

ஒருநாள் பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், அங்க ஒருத்தருமே இரிக்கல்லியா? அப்ப அந்த ஆத்துக்கெல்லாம் பேரு வெச்சது ஆரு?"

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி ஏற்கெனவே வாசித்திருந்த நூல்களை மீண்டும் எடுத்தேன், வாசிக்காதவற்றைத் தேடினேன். முன்னர் சாகசக் கதைகளாகவும் வரலாற்று ஆவணங்களாகவும் தெரிந்தவை இம்முறை வேறொரு முகத்தைக் காட்டின. நிலத்தைப் பற்றி எழுதுகிறவன் என்ன பொறுப்பை ஏற்கிறான் என்ற வினாவை அவை ஒவ்வொன்றும் எழுப்பின. இக்கட்டுரை அந்த வாசிப்பின் பெறுபேறு.

2

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மிசூரியின் இன்டிபென்டன்ஸ் நகரிலிருந்து ஒரிகனின் வில்லமெற் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 2,000 மைல். வண்டி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து மைல் போகும். நான்கு முதல் ஆறு மாதப் பயணம். 1843இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் புறப்பட்டனர். அதன் பின்னரான கால் நூற்றாண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இப்பாதைகளில் ஒரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் சென்றனர் என்பது ஆய்வாளர் கணிப்பு.

பயணத்தின் நாட்காட்டியை எழுதியது மனிதனல்ல, புல்லும் பனியும்தான். ஏப்ரல் கடைசிக்கு முன் புறப்பட்டால் சமவெளியில் புல் முளைத்திராது, எருதுகள் பட்டினி கிடக்கும். தாமதித்தால் மேற்கு மலைகளை எட்டுமுன் பனி விழுந்துவிடும். ஜூலை 4 அளவில் வயோமிங்கிலுள்ள இன்டிபென்டன்ஸ் பாறையை அடைய வேண்டும் என்பது அவர்களது கணக்கு. அந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதையே அமெரிக்கச் சுதந்திர தினத்தோடு தொடர்புடையதுதான்.

பாதையைத் தெரிந்தெடுத்ததும் நிலமே. நெப்ராஸ்காவினூடே ஓடும் பிளாட் நதி அகலமானது, ஆழமற்றது, மணலும் சேறும் கலந்தது, படகுக்கு உதவாது. ஆனால் அதன் பள்ளத்தாக்கு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு மெல்ல மெல்ல ஏறிச் செல்லும் ஓர் இயற்கைத் தெரு. அங்கே மரம் அரிது என்பதால் காய்ந்த எருமைச் சாணமே விறகாயிற்று. அதன் பின் சுவீட்வோட்டர் ஆறு, பிறகு சவுத் பாஸ் என்னும் கணவாய். ஏறத்தாழ 7,400 அடி உயரத்திலிருந்தும் அது இருபது மைல் அளவுக்கு அகன்ற, சரிவு தெரியாத வெளி. பலர் கண்டத்தின் நீர்பிரிமேட்டைக் கடந்ததை உணராமலே கடந்தனர். 1812இல் றொபேட் ஸ்ருவர்ட்டின் குழு கிழக்கு நோக்கித் திரும்பும்போது அந்தக் கணவாயைக் கடந்தது. 1824இல் ஜெடிடயா ஸ்மித்தின் குழுவினால் அது மீண்டும் அறியப்பட்டது. அந்த ஒரு வெளி இல்லாதிருந்தால் வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

சினிமாவில் நாம் கண்ட பிரமாண்டமான வண்டிகள் வேறு. உண்மையில் சென்றவை பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட பண்ணை வண்டிகள். மனிதர் பெரும்பாலும் நடந்தே சென்றனர். சமவெளியின் வறண்ட காற்றில் சக்கரத்தின் மரம் சுருங்க, இரும்புப் பட்டை கழன்று விழும். இரவில் சக்கரங்களை ஆற்றிலே ஊறவைத்தும் ஆப்பு அடித்தும் மறுநாளைக்குத் தயார் செய்தார்கள். ஆஷ் ஹொலோ என்ற இடத்துச் செங்குத்தான இறக்கத்தில் சக்கரங்களைப் பூட்டி, கயிறு கட்டி, வண்டிகளைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி இறக்கினார்கள். ஏற்றங்களிலே பாட்டி தந்த அலுமாரியும் இரும்பு அடுப்பும் வழியோரம் கைவிடப்பட்டன.

ஸ்னேக் ஆற்றின் எரிமலைப் பாறைப் பிரதேசத்தில் நீர் கீழே பள்ளத்தில் ஓடும். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கலிபோர்னியா செல்வோர் பிடித்த ஹம்போல்ட் ஆறோ கடலைச் சேராது. மேற்கே போகப் போக உவர்த்து, கடைசியில் சதுப்பொன்றில் மறைந்துவிடும். அதற்கப்பால் நாற்பது மைல் நீரற்ற வெளி, அதன் பின் சியரா நெவாடா. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்தி, தனக்குக் கிழக்கே மழைநிழலை உண்டாக்குவது இந்த மலை. தடுத்த ஈரத்தைத் தன் மீது பனியாக வாங்கிக்கொள்வதும் இதே மலைதான். குடியேறிகளைத் தாகத்தால் வாட்டியதும் பனியால் புதைத்ததும் ஒன்றே என்பது புவியியல் ஆசிரியனுக்குத் தெரிந்த உண்மை. அந்த எழுத்துகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் விமர்சகனுக்குரிய கேள்வி.

3

லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்ரிங்ஸ் என்ற சட்டத்தரணி 1845இல் சின்சினாட்டியில் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். ஒரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் செல்வோருக்கானது அது. கலிபோர்னியாவை அமெரிக்கக் குடியேறிகளால் நிரப்ப வேண்டும் என்ற பேரவா அவருக்கு இருந்தது. நூலின் ஓரிடத்தில், ஒரிகன் பாதையிலிருந்து விலகி உப்பு ஏரியின் பக்கமாகப் போனால் கலிபோர்னியாவுக்கு மிக நேரான வழி கிடைக்கும் என்ற கருத்தில் ஒரேயொரு வாக்கியம் எழுதினார். அதை எழுதும்போது அவ்வழியில் அவர் ஓரடியும் வைத்திருக்கவில்லை.

அந்த ஒற்றை வாக்கியத்தை நம்பியவர்களே 1846இன் டொனர் குழுவினர். அக்குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ரீட் என்பவரை லரமி கோட்டையில் ஜேம்ஸ் கிளைமன் சந்தித்தார். கிளைமன் அந்த வழியே ஹேஸ்ரிங்ஸுடன் குதிரையில் கிழக்கு நோக்கி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த மலைவாழ் அனுபவஸ்தர். 'வண்டிகளோடு அவ்வழி போகாதீர்கள்' என்று எச்சரித்தார். எட்வின் பிறையன்ற் என்ற பத்திரிகையாளர் கோவேறு கழுதைகளில் முன்னே சென்றபோது, அதே எச்சரிக்கையைக் கடிதங்களாக எழுதி பிரிட்ஜர் கோட்டையில் விட்டுச் சென்றார். அவை உரியவர் கையைச் சேரவில்லை. இவ்வாறு அச்சில் வந்த சொல் வென்றது, நடந்து வந்தவனின் வாய்ச்சொல் தோற்றது, கைக்கடிதம் மறைந்தது. அச்சிட்டது எல்லாம் உண்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் இவ்விடம் என்னை உறுத்துகிறது.

விளைவு தெரிந்ததே. வசாச் மலைகளில் மரம் வெட்டிப் பாதை சமைப்பதிலேயே அவர்களுக்கு இரு வாரமளவு கழிந்தது. நாற்பது மைல் எனச் சொல்லப்பட்ட உப்புப் பாலை எண்பது மைலாக விரிந்தது. மேலோட்டின் கீழே ஈரச் சேறு, அதிலே சக்கரங்கள் புதைந்தன. எருதுகள் தாகத்தால் வெறிபிடித்து ஓடின. குறுக்குவழி பழைய பாதையைவிட நீளமானது. செப்டெம்பர் கடைசியில்தான் ஹம்போல்ட் ஆற்றை அடைந்தனர். ஒக்டோபர் இறுதியில் சியராவின் கணவாய்க்குக் கீழே பனி அவர்களை மறித்தது. 87 பேரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் உயிரிழந்தனர். உயிரோடிருந்தோரிற் சிலர் இறந்தோரின் உடலை உண்ண நேர்ந்தது.

ஹேஸ்ரிங்ஸின் நூலை மோசடி என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இலக்கிய விமர்சனத்துக்கு அதில் வேலை இருக்கிறது. அவர் நிலத்தை வரைபடத்தில் இரு புள்ளிகளுக்கிடையிலான கோடாகக் கண்டார். கோட்டுக்கு உயரமில்லை, ஈரமில்லை, பருவமில்லை. தன் விருப்பத்தையே நிலத்தின் இயல்பாக எழுதினார். இப்பிழையைச் செய்யும் எழுத்தாளர்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களை நம்பி வண்டி கட்டுவோர் இல்லாததால் மட்டுமே பலர் தப்பிவிடுகிறார்கள்.

4

இதற்கு எதிர்முனையில் நிற்பது பற்றிக் பிறீன் எழுதிய நாட்குறிப்பு. அயர்லாந்தில் பிறந்த விவசாயி அவர். பனிக்குள் அடைபட்ட குடிலில் 1846 நொவெம்பர் 20 முதல் 1847 மார்ச் 1 வரை எழுதினார். அதில் பெரும்பகுதி வானிலைதான்: பனி பெய்ததா, காற்று எத்திசை, வெயில் உண்டா, விறகு கிடைத்ததா. இடையிடையே யார் இறந்தார் என்ற செய்தி, அவ்வளவே. எழுத்துப்பிழைகள் மலிந்த அந்தச் சிறு பிரதி இன்று பேர்க்லியிலுள்ள பான்க்றொஃப்ற் நூலகத்தில் பேணப்படுகிறது. ஒரு வருணனை இல்லை. ஓர் உவமை இல்லை. எனினும் அதைப் படிக்கும்போது காற்றுத் திசை மாறியதா என்று நாமும் தவிக்கத் தொடங்குகிறோம். காற்றுத் திசையில்தான் அடுத்த உயிர் தங்கியிருக்கிறது என்பது புரிந்துவிடுவதால்.

அதே குழுவில் ரம்சன் டொனர் என்ற பெண்மணி இருந்தார். பள்ளி ஆசிரியை. வழியெங்கும் செடிகொடிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். 1846 ஜூனில் பிளாட் நதிக்கரையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் பயணம் நலமாகப் போகிறது என்ற நிறைவு தெரிகிறது. நிலம் இன்னும் தன் சுயரூபத்தைக் காட்டாத கட்டம் அது. பின்னர் மீட்புக் குழுவினருடன் தம் பெண்பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சாகும் தறுவாயிலிருந்த கணவனை விட்டு வர மறுத்து அங்கேயே மடிந்தார். அவர் எழுதி வந்ததாகச் சொல்லப்படும் குறிப்புகள் கிடைக்கவில்லை. இந்த இலக்கியத்தின் மிக முக்கியமான நூல் பனிக்குள் தொலைந்துபோனதோ என்று ஓர் ஆசிரியனாக நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அமேலியா ஸ்ருவர்ட் நைற் என்பவர் 1853இல் கணவனோடும் ஏழு பிள்ளைகளோடும் அயோவாவிலிருந்து ஒரிகன் சென்றவர். ஏப்ரல் மாத மழையும் சேறும், ஈரப் போர்வையும், ஆற்றுக் கடவையும் அவரது நாட்குறிப்பை நிறைக்கின்றன. பயணத்தின் முடிவில், ஒரிகனை எட்டிய பின், பாதையோரத்தில் எட்டாவது குழந்தை பிறந்த செய்தி வருகிறது. அதுவரை தாம் கருவுற்றிருப்பதை அவர் சொல்லவேயில்லை. முடிவை அறிந்த பின் திரும்பிப் படித்தால், ஒவ்வொரு செங்குத்தான ஏற்றமும், ஒவ்வொரு நாள் நடையும் வேறு பொருள் தருகின்றன. சொல்லாமல் விடப்பட்டதே பிரதியின் நடுவில் நிற்கிறது.

இவற்றோடு ஒப்பிடும்போது பிரான்சிஸ் பார்க்மனின் புகழ்பெற்ற 'ஒரிகன் பாதை' எனக்குச் சிறுத்துத் தெரிகிறது. பொஸ்ரன் செல்வந்தக் குடும்பத்து இளைஞர், டொனர் குழு சென்ற அதே 1846இல் சமவெளிக்குப் போனார், 1849இல் நூலாக்கினார். சமவெளியின் ஒளியையும் புயலையும் எழுதுவதில் வல்லவர். ஆயின் லரமிக் கோட்டைப் பிரதேசத்தோடு அவர் திரும்பிவிட்டார், ஒரிகனைக் காணவில்லை. அவருக்கு அந்நிலம் காட்சி. வண்டியில் சென்றோருக்கு அது கணக்கு. வண்டிக்காரரையும் பூர்வகுடிகளையும் அவர் மேலிருந்தே பார்த்தார். நூல் வந்த அதே ஆண்டில் ஹெர்மன் மெல்வில் தம் மதிப்புரையில், பூர்வகுடிகள் மீதான இந்த இளக்காரத்தைக் கண்டித்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நாவல்களில் ஏ. பி. கத்ரியின் 'தி வே வெஸ்ற்' முதன்மையானது. 1949இல் வெளிவந்து மறுவருடம் புலிற்சர் பரிசு பெற்றது. 1845இல் ஒரிகன் செல்லும் ஒரு வண்டித்தொடரே கதை. பதவி ஆசையும் அதிகாரமும் கொண்ட தலைவன் ரட்லொக்கின் இடத்துக்கு, அமைதியான விவசாயி எவன்ஸ் வருகிறான். இந்த மாற்றத்தை நிகழ்த்துவது வாக்குவாதங்களை விட நிலமே என்பது கத்ரியின் வெற்றி. வழிகாட்டி டிக் சமர்ஸ் முன்னாள் வேட்டைக்காரன். வண்டிகள் வந்தபின் தான் நேசித்த நிலம் இனி அப்படியே இராது என்பதை அறிந்தவன். ஆனால் நாவலின் துக்கம் அவனோடு நின்றுவிடுகிறது. அந்நிலத்தை அவனுக்கு முன் நேசித்தோரின் துக்கம் ஓரத்திலேயே தங்கிவிடுகிறது.

5

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ஆற்றுக்குப் பெயர் வைத்தது யார்?

நெப்ராஸ்கா என்ற சொல் ஓட்டோ மொழியில் தட்டையான நீர் எனப் பொருள்படும். பிளாட் நதியை அம்மக்கள் அப்படித்தான் அழைத்தனர். பிரெஞ்சு வணிகர் அதையே தம் மொழியில் பெயர்த்து பிளாட் என்றனர். சியராவின் அடிவாரத்தில் ஓடும் ட்ரக்கி ஆறு வடக்குப் பையூட் மக்களின் ஒரு தலைவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே நான் எழுதுவித்த 'யாருமற்ற நிலம்' என்ற தொடரை அந்த ஆறுகளின் பெயர்களே மறுக்கின்றன.

ட்ரக்கியின் பேத்தி சாரா வின்னமக்கா 1883இல் 'பையூட் மக்களிடையே வாழ்வு' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணொருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல்களில் ஒன்று அது. வெள்ளையரைச் சகோதரர் என்று வரவேற்றவர் பாட்டனார். பிறகு, வந்தவர்கள் மனிதரைத் தின்பவர்கள் என்ற செய்தி பரவுகிறது. டொனர் குழுவின் கதை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த விதம் அது. வண்டிக்காரர் வருகிறார்கள் என்று கேட்டதும் ஓட முடியாத சின்னஞ்சிறு சாராவையும் இன்னொரு சிறுமியையும் தாய்மார் மண்ணிலே கழுத்து வரை புதைத்து, முகத்தில் வெயில் படாதபடி செடிகளை நட்டு மறைத்துவிட்டு ஓடுகிறார்கள். இரவில் வந்து தோண்டி எடுக்கும் வரை அந்தப் பிள்ளை அப்படியே இருக்கிறது. அம்மக்கள் குளிர்காலத்துக்குச் சேமித்திருந்த உணவைக் கடந்துசென்ற வெள்ளையர் எரித்ததையும் அவர் எழுதுகிறார்.

இந்தக் காட்சி நிகழ்வது எங்கே? குடியேறிகளின் நாட்குறிப்புகள் ஒருமுகமாகச் சபிக்கும் அதே ஹம்போல்ட் பிரதேசத்தில்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைக்கிறது. ஆயினும் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலைத் திணையின் உரிப்பொருளும் பிரிவே. இதை வெறும் இலக்கண மரபாகவே வகுப்பில் ஒப்புவித்து வந்த எனக்கு, வின்னமக்காவைப் படித்தபோதுதான் அதன் ஆழம் புரிந்தது. ஹம்போல்ட் வெளி, கடந்து செல்பவனுக்குப் பாலை. ஏரியில் மீன் பிடித்து, பைன் விதை சேகரித்து, எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும் என்றறிந்து வாழ்ந்தவனுக்கு அது ஊர். அவன் ஊரை விட்டு விரட்டப்படும்போதுதான் அவனுக்கும் அது பாலையாகிறது.

இதற்குச் சான்றாக இன்னுமொன்று. வண்டிகளைச் சுற்றிவளைத்துத் தாக்கும் பூர்வகுடிகளின் காட்சி சினிமா வழியாக நம் எல்லோர் மனதிலும் பதிந்துள்ளது. ஜோன் அன்ரூ என்ற வரலாற்றாசிரியரின் ஆய்வு 1979இல் வெளிவந்தது. 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர். குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர் என்பது அவரது கணக்கு. குடியேறிகளை ஆயிரக்கணக்கில் கொன்றவை வாந்திபேதியும் ஆற்றுக் கடவைகளும் சக்கரமும் கைதவறி வெடித்த துப்பாக்கியுமே. ஆழமற்ற பிளாட் கரையில், முன்னே சென்றவர் அசுத்தப்படுத்திய நீரைப் பின்னே வந்தவர் குடித்தனர். அதே பாதையோரம் வண்டி மாடுகள் புல்லை மேய்ந்து தீர்க்க, எருமை மந்தைகள் விலகிப் போயின. லக்கோட்டா மக்களின் உணவும் விலகிப் போயிற்று. நிலம் குடியேறிகளை எப்படிப் பாதித்தது என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. குடியேறிகள் நிலத்தை என்ன செய்தார்கள் என்பது மறுபாதி.

6

வயோமிங்கின் கேர்ன்சி என்ற ஊரருகே மென்மையான மணற்பாறையில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்கள் இன்றும் இருக்கின்றன. சில இடங்களில் அவை ஐந்தடி ஆழம். இன்டிபென்டன்ஸ் பாறையில் பயணிகள் செதுக்கிய பெயர்களும் உள்ளன. அந்த மக்களின் உழைப்பையும் துயரையும் நான் குறைத்து மதிக்கவில்லை. பிள்ளைகளைப் புதைத்து, அந்தக் குழி தெரியாதிருக்க அதன் மேலேயே வண்டியை ஓட்டிச் சென்ற தாய்தந்தையரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்காகவும் மனம் கசியவே செய்கிறது. ஆனால் பாறையில் பெயர் செதுக்கியவனுக்கு ஓர் இலக்கியமும், மண்ணிலே புதைக்கப்பட்டுத் தப்பிய பிள்ளைக்கு ஓர் அடிக்குறிப்பும் என்ற கணக்கை விமர்சனம் ஏற்கலாகாது. பிறீனையும் நைற்றையும் வின்னமக்காவையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போதே அந்நிலம் முழுமையாகத் தெரிகிறது. வின்னமக்காவின் நூல் நம் பாடசாலைப் பிள்ளைகளின் கையில் தமிழிலே இருக்க வேண்டிய ஒன்று.

இப்போதும் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைகிறேன். அம்புக்குறியை இழுக்குமுன் போனி, லக்கோட்டா, ஷொஷோனி, பையூட் என்ற பெயர்களை அவரவர் இடத்தில் எழுதிவிடுகிறேன். கொப்பியில் எழுதுவித்த பழைய வாக்கியத்தை வெட்டச் சொன்னபோது, கேள்வி கேட்ட பிள்ளை அடிமட்டம் வைத்து நேராகக் கோடிட்டு வெட்டினாள். அந்த வாக்கியத்தை எழுதுவித்தவன் என்ற வகையில், அதை வெட்டுவித்ததையும் இங்கு பதிந்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.